புனைபெயரில் எழுதுகிறீர்களா? உள்ளூர்ப் பத்திரிகை உங்கள் பெயரைப் போடும் முன்பும் போட்ட பின்பும்

ராமநாதபுரம் மாவட்டக் கரையில் மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை, வடக்கே தேவிபட்டினம், தொண்டி வரை, சொந்தப் பெயரைப் போடாமல் இணையத்தில் எழுதுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். இறால் பண்ணைக் கழிவுநீர், இரட்டைமடி வலை, கடல் அட்டைக் கடத்தல், சங்கத்துக் கணக்கு, பாசி எடுக்கப் போகும் பெண்கள் படும் பாடு, வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத சொந்த விஷயம் என்று ஆளுக்கொரு காரணம். புதிதாக எழுத வருகிறவர்கள் முதலில் கேட்பது, யாரும் கண்டுபிடிக்காத மாதிரி எழுதுவது எப்படி என்பதைத்தான். அதைச் சொல்கிறேன். ஆனால் அதைவிட அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று இருக்கிறது. பெயர் முதலில் ஊருக்குள் கசியும், அப்புறம்தான் பத்திரிகையில் அச்சாகும். நடுவில் சில மணி நேரமோ ஓரிரு நாளோ கிடைக்கும், அந்த நேரத்தில் நீங்கள் செய்வதும் செய்யாமல் விடுவதும்தான் அதற்குப் பிறகு வரும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

முதலில், யாரிடமிருந்து மறைகிறீர்கள்?

எழுத ஆரம்பிக்கும் முன் இதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வீட்டாரிடமிருந்தா, முதலாளியிடமிருந்தா, சங்கத் தலைவரிடமிருந்தா, கடத்தல்காரரிடமிருந்தா? ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு வேறு. வீட்டாருக்குத் தெரிந்தால் ஒரு வாரம் சண்டை, அவ்வளவுதான் என்றால் ரொம்ப மெனக்கெட வேண்டாம். அரசு ஊழியர் என்றால் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-ஐ ஒருமுறை படித்துவிடுங்கள். கதை, கவிதை, அறிவியல் கட்டுரை ஒரு வகை, அரசின் கொள்கையை விமர்சிப்பது வேறு வகை, பெயர் வெளியானால் துறை விசாரணை வரலாம். உங்கள் படகும் வலையும் இன்னொருவர் தயவில் ஓடுகிறது என்றால் அதுதான் எல்லாவற்றிலும் கடினமான நிலைமை, அதை மனதில் வைத்தே மேலே படியுங்கள்.

ஊர் எப்படிக் கண்டுபிடிக்கிறது

இங்கே யாரும் கம்ப்யூட்டரைத் தட்டி உங்களைப் பிடிப்பதில்லை. நீங்கள் எழுதியதை வைத்தே பிடிக்கிறார்கள். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. படகு கரையில் நிற்கும் நாட்களில் மட்டும் உங்கள் பதிவு வருகிறது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் மட்டும் தினமும் எழுதுகிறீர்கள் என்றால், நீங்கள் விசைப்படகுக்காரர் என்பதைக் கண்டுபிடிக்க யாருக்கும் பெரிய மூளை தேவையில்லை. எழுதியதை உடனே போடாமல் சேர்த்து வைத்து, நாளும் நேரமும் மாற்றி வெளியிடுங்கள். பதிவை நேரம் குறித்து வைக்கும் வசதி பல தளங்களில் இருக்கிறது.

பேச்சும் காட்டிக்கொடுக்கும். வடகடல், தென்கடல் என்று எழுதினால் பாம்பன் தீவோ மண்டபமோ என்று பாதி ஆட்கள் அங்கேயே முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு காற்றுக்கு, ஒரு மீனுக்கு, ஒரு வலைக்கு உங்கள் ஊர்க் கரையில் மட்டும் வழங்கும் பெயர் இருந்தால் பொதுப்பெயரைப் போடுங்கள். எழுத்தின் ருசி கொஞ்சம் குறையும், அது எனக்கும் வருத்தம்தான். புனைபெயர் விஷயத்தில் ஒன்றே ஒன்று: படகின் பெயர், தாத்தாவின் பட்டப்பெயர், பிள்ளையின் செல்லப்பெயர் வேண்டவே வேண்டாம். இந்தக் கரையில் குடும்பத்துக்குக் குடும்பம் பட்டப்பெயர் இருக்கிறது, அது யாருக்கும் மறப்பதில்லை.

படங்களில் கவனிக்க வேண்டியது படகின் பதிவு எண். நம் மாவட்டப் படகுகளில் ஐஎன்டி டிஎன் என்று தொடங்கும் எண் பெரிதாக எழுதியிருக்கும், பின்னணியில் பாதி தெரிந்தாலும் போதும். ஏலக்கூடத்துச் சுவர், ஐஸ் பெட்டியில் எழுதிய எழுத்து, கோயில் கோபுரம், பள்ளிவாசல் மினாரா எல்லாமே அடையாளம்தான். கைபேசியில் எடுத்த படத்துக்குள் இடமும் நேரமும் பதிந்திருக்கும், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது போய்விடும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே இருக்கும். கேமரா அமைப்பில் இடம் பதிவதை நிறுத்திவிடுங்கள்.

எண் விஷயம் இன்னும் எளிது. எழுதும் கணக்கை உங்கள் வழக்கமான கைபேசி எண்ணில் திறந்தால், அந்த எண்ணைத் தொடர்புப் பட்டியலில் வைத்திருக்கும் மச்சானுக்கும் சித்தப்பாவுக்கும் "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று அந்தக் கணக்கையே தளம் கொண்டுபோய்க் காட்டும். பண உதவி வாங்க யுபிஐ எண் கொடுத்தால் வங்கியில் உள்ள முழுப்பெயரும் தெரியும். எனவே தனி மின்னஞ்சல், தொடர்புப் பட்டியலை ஏற்ற அனுமதி மறுப்பு, யுபிஐ கிடையாது. இதெல்லாம் ஒரு மணி நேர வேலை.

நிறையப் பேர் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் வேறு, அது மனு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுத்துவிட்டு, புதன்கிழமை அதே வாக்கியங்களைப் புனைபெயரில் எழுதினால் அப்புறம் என்ன மறைவு? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்களுக்கு மட்டும் வந்த பதிலை மேற்கோள் காட்டினாலும் அதே கதை, விண்ணப்பத்தில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்கிறது. வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண் கொடுத்தால் போதும் என்று 2013-ல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதைச் சுட்டிக்காட்டி விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் அந்த ஆவணம் வேறு சிலர் கைக்கும் போய்ச் சேரும்வரை பொறுத்திருங்கள்.

நிருபர் கூப்பிடும்போது

ஒரு நாள் அழைப்பு வரும். பெரும்பாலும் தெரிந்த குரலாகவே இருக்கும், ஏனென்றால் இங்கே பகுதி நேர நிருபருக்கும் ஊர் உண்டு, உறவு உண்டு, நீங்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலேயே அவரும் இருப்பார். "அந்தப் பேர்ல எழுதுறது நீங்கதானாமே?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்.

இல்லை என்று பொய் சொல்லாதீர்கள். உண்மை அவர் கையில் இருந்தால், மறுநாள் செய்தி உங்கள் பெயரோடு முடியாது, "மறுத்தார்" என்பதும் சேர்ந்து வரும், அதற்குப் பின் நீங்கள் எழுதிய நிஜமான விஷயங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், பல நேரம் அவர் கையில் வெறும் ஊகம்தான் இருக்கும், உங்கள் ஒரு ஆமாம்தான் அதைச் செய்தியாக்கும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அண்ணே, ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. கேள்விய எழுதி அனுப்புங்க, ஆசிரியர் மெயிலும் குடுங்க." போனை வைத்துவிடுங்கள். டீக்கடைக்கு வரச் சொன்னால் போகாதீர்கள். "இது நமக்குள்ள" என்று நீங்கள் நினைத்துப் பேசியது அவருக்கும் அப்படித்தான் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது, பேசுவதற்கு முன்பே அவர் அதை ஒத்துக்கொண்டிருந்தால் ஒழிய.

அடுத்து ஆசிரியருக்கு எழுத வேண்டும், அதுவும் அன்றைக்கே. நிருபரிடம் கெஞ்சுவதில் பயன் குறைவு, பெயரைப் போடலாமா வேண்டாமா என்பது ஆசிரியர் மேசையில் முடிவாகும். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அடியில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயரும் முகவரியும் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருந்து அனுப்பினால் நீங்களே ஒப்புக்கொண்டது ஆகிவிடும். புனைபெயர்க் கணக்கிலிருந்து, புனைபெயரில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். வக்கீல் மூலம் போனால் "என் கட்சிக்காரர்" என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

கடிதத்தில் கோபம் வேண்டாம், சட்டப் பிரிவுகளை அடுக்கவும் வேண்டாம். பெயர் வந்தால் என்ன நடக்கும் என்பதைப் பொத்தாம் பொதுவாகச் சொல்லாமல் நேரடியாகச் சொல்லுங்கள். "எனக்கு ஆபத்து" என்பது எல்லோரும் எழுதுவது. "நான் எழுதியது கடல் அட்டை கடத்துகிறவர்களைப் பற்றி, அவர்களுக்கு நான் யார் என்று தெரியாது, என் வீட்டில் வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள்" என்பது ஒரு ஆசிரியரை யோசிக்க வைக்கும். இரண்டாவது, என் பெயர் தெரிவதால் வாசகருக்கு என்ன கூடுதலாகப் புரியப் போகிறது என்று கேளுங்கள். மூன்றாவது, ஒரு மாற்று கொடுங்கள்: புனைபெயரிலேயே பேட்டி தருகிறேன், ஆவணங்களைக் காட்டுகிறேன், அந்தப் பண்ணைக் கழிவுநீரைப் பற்றி நீங்களே செய்தி போடுங்கள் என்று. நிருபருக்கு வேண்டியது ஒரு செய்தி. உங்கள் பெயரைவிடப் பெரிய செய்தி உங்களிடம் இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

கூடவே உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பெயர் வெளியே வந்தால் யாருக்கு லாபம்? நிருபருக்கு அந்தப் பெயரை யாரோ கொடுத்திருக்கிறார்கள், கொடுத்தவருக்கு ஒரு நோக்கம் இருக்கும். அதை ஆசிரியரிடம் சொல்லலாம், தன் பத்திரிகை இன்னொருவர் பழிவாங்கலுக்குக் கருவியாவதை எந்த ஆசிரியரும் விரும்புவதில்லை.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு மறைவாக இன்னொரு சங்கத்தைத் திட்டி எழுதுகிறவர், தேர்தலில் நின்றுகொண்டே போட்டியாளரைப் புனைபெயரில் கிழிக்கிறவர், இவர்கள் பெயரைப் பத்திரிகை போட்டால் அது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வாசகருக்கு அது தெரிய வேண்டிய விஷயம்தான்.

நீதிமன்றம் தடுத்துவிடும் என்று நம்பலாமா?

ரொம்ப நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் லங்காஷயர் காவல் துறையில் இருந்த துப்பறிவாளர் ஒருவர் நைட்ஜாக் என்ற பெயரில் எழுதி 2009-ல் ஆர்வெல் பரிசும் வாங்கினார். (அவர் சொந்தப் பெயர் இப்போது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் இந்தக் கட்டுரையில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை.) லண்டன் நாளிதழ் ஒன்று பெயரை வெளியிடப் போகிறது என்று தெரிந்து தடை கேட்டு உயர் நீதிமன்றம் போனார். வலைப்பதிவு எழுதுவது அடிப்படையில் பொதுச் செயல், அதில் பெயரை மறைக்கும் உரிமையை எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி 2009 ஜூனில் நீதிபதி மறுத்துவிட்டார், பெயர் வந்தது, வேலையிடத்தில் எழுத்துபூர்வ எச்சரிக்கையும் வந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. நிருபர் அவருடைய மின்னஞ்சலுக்குள் புகுந்துதான் ஆளைக் கண்டுபிடித்தார் என்பது 2012-ல் வெளியானது, பத்திரிகை 42,500 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. நமக்கு இதில் உள்ள பயன் இதுதான்: பெயரைப் போட்டார்கள் என்பதைவிட, பெயர் எப்படிக் கிடைத்தது என்பதில்தான் பல நேரம் பிடி இருக்கிறது. உங்கள் கணக்கில் வேறு சாதனத்திலிருந்து யாராவது நுழைந்திருக்கிறார்களா என்று உள்நுழைவுப் பட்டியலைப் பாருங்கள், இருந்தால் படம் எடுத்து வையுங்கள். நேர்மையற்ற நோக்கத்தோடு அனுமதியில்லாமல் கணக்குக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

நம் நாட்டில் அடிப்படைத் தீர்ப்பு ஒரு தமிழ்ப் பத்திரிகை வழக்கில் வந்தது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய அந்தரங்க விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று சொன்னது. அதே தீர்ப்பில் பொது ஆவணத்தில் உள்ளவற்றுக்கு விலக்கு கொடுத்தது, தானாகவே முன்வந்து ஒரு சர்ச்சைக்குள் நுழைந்தவருடைய நிலை வேறாக இருக்கலாம் என்றும் சொன்னது. பத்திரிகையின் வக்கீல் பிடித்துக்கொள்ளப் போவது அந்தக் கடைசி வரியைத்தான். 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று உறுதி செய்தது உங்களுக்குப் பலம், ஆனால் அதைக் காட்டினால் பத்திரிகை உடனே நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம்.

அவதூறு வழக்குப் போடலாம் என்று சொல்லிப் பணம் கேட்கிறவர்கள் வருவார்கள். பெயர் உண்மையாக இருந்தால், பெயரை மட்டும் போட்டதற்கு அவதூறு நிற்பது கடினம். பெயரோடு சேர்த்து உங்களைப் பற்றிப் பொய்யும் எழுதியிருந்தால் அது வேறு.

ஓர் இடத்தில் மட்டும் சட்டம் மிகத் தெளிவாக உங்கள் பக்கம். உங்களுக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையைப் பற்றிப் புனைபெயரில் எழுதியிருந்து, உங்கள் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் உங்களை அடையாளம் காட்டினால், பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 72-ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை. பாதிக்கப்பட்டவர் சிறார் என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேரும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஆசிரியருக்கான கடிதத்தின் முதல் வரியிலேயே போடுங்கள், பிரிவு எண்ணோடு.

அச்சில் வந்துவிட்டதா?

வீட்டில் நீங்களே சொல்லுங்கள், பேப்பர் வந்து சேரும் முன்பே. அப்புறம் முதலாளியிடம், அல்லது படகு உரிமையாளரிடம். ஏலக்கூடத்தில் யாரோ சொல்லி அவர்கள் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் கேட்பது எவ்வளவோ மேல்.

பேப்பரை நறுக்காமல், தேதி தெரியும் முழுப் பக்கமாக இரண்டு மூன்று பிரதி வாங்கி வையுங்கள். இணையப் பதிப்பைப் படம் பிடியுங்கள், மேலே முகவரி தெரிய வேண்டும். குழுக்களில் சுற்றும் செய்தியை அனுப்பியவர் எண்ணோடு சேமியுங்கள். கடவுச்சொற்களை மாற்றி இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், பெயர் தெரிந்த அன்று இரவே யாராவது கணக்கைத் திறக்க முயலலாம். பயத்தில் எழுதியதையெல்லாம் அழித்துவிடாதீர்கள். அழித்தால் குற்றம் செய்தவர் மாதிரித் தெரியும், நீங்கள் என்ன எழுதினீர்கள், என்ன எழுதவில்லை என்பதற்கான சாட்சியும் போய்விடும். நகல் எடுத்துக்கொண்டு, தேவைப்பட்டால் மற்றவர் பார்வையிலிருந்து மறைத்து வையுங்கள். அன்றைக்குப் பதில் எழுதவும் வேண்டாம்.

இந்தக் கரைக்கே உரிய ஒன்று: கூப்பிட்டு விடுவார்கள். ஊர்க் கமிட்டியோ, சங்கமோ, ஜமாத்தோ. போகாமல் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும், போகாதது தனிப் பகையாகிவிடும். ஆனால் தனியாகப் போகாதீர்கள், இரவில் போகாதீர்கள், எல்லோரும் மதிக்கும் இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். பேசுவதைக் கேளுங்கள். எழுதிக் கொடு என்று தாளை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள், "வீட்டுல காட்டிட்டு நாளைக்குத் தாரேன்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வருத்தம் தெரிவிப்பது மாதிரித் தொடங்கும் அந்தத் தாள், "நான் எழுதியது எல்லாம் பொய்" என்று முடியலாம், நாளைக்கு ஏதாவது வழக்கு வந்தால் முதலில் வெளியே வருவதும் அதுதான். ஊர் விலக்கம், அபராதம், கடலுக்குப் போக விடாமல் தடுப்பது என்று போனால் கோட்டாட்சியரிடமும் காவல் துறையிடமும் எழுத்தில் கொடுங்கள்.

மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். இணையம் வழியாக வந்தால் 1930 அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளம், பெண்களுக்கு 181. வக்கீல் செலவு முடியாது என்றால் ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி, தொலைபேசி 15100.

பிரஸ் கவுன்சிலுக்குப் புகார்

பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் அமைப்பு இது. முதலில் ஆசிரியருக்கு எதிர்ப்புக் கடிதம் அனுப்பியிருக்க வேண்டும், அது இல்லாமல் போனால் திருப்பி விடுவார்கள். தபாலில் அனுப்பி ஒப்புகை வையுங்கள் (2025-ல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது, கவுன்டரில் பதிவும் ஒப்புகையும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்). இணையப் பதிப்பிலிருந்தும் இ-பேப்பரிலிருந்தும் பெயரை எடுக்கச் சொல்லியும் அதே கடிதத்தில் கேளுங்கள், அச்சில் வந்ததைத் திரும்பப் பெற முடியாது, இணையத்தில் உள்ளதை எடுக்க முடியும், கூகுளில் நாளைக்கு உங்கள் பெயரைத் தேடுகிறவருக்கு வருவது அதுதான்.

பதில் சரியில்லை என்றால், நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள், மற்ற இதழ்கள் என்றால் நான்கு மாதத்துக்குள் புது டெல்லியில் உள்ள இந்தியப் பிரஸ் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். கட்டணம் கிடையாது. செய்தியின் நறுக்கு, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு எழுதிய கடிதம், வந்த பதில், இதே விஷயம் எந்த நீதிமன்றத்திலும் நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழி, இவ்வளவும் வேண்டும். எனவே வழக்கா கவுன்சிலா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கவுன்சிலால் அபராதம் போட முடியாது, எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்வளவுதான். அதில் என்ன பயன் என்று கேட்பார்கள். கண்டனம் ஆவணமாக இருக்கும், அடுத்த முறை அதே பத்திரிகை இன்னொருவர் பெயரைப் போடும் முன் அதை எடுத்துக் காட்ட முடியும். யூடியூப் சேனலும் டிவியும் கவுன்சிலின் கையில் வராது, யூடியூப் என்றால் அந்தத் தளத்திலேயே உள்ள அந்தரங்கப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். உங்கள் கைபேசி எண்ணோ வீட்டு முகவரியோ தேடலில் தெரிந்தால் கூகுளிடம் நீக்கக் கேட்கத் தனிப் படிவம் இருக்கிறது, வெறும் பெயருக்கு அது பெரும்பாலும் உதவாது.

தொடர்ந்து எழுதுவதா என்பது உங்கள் முடிவு. எழுதுவதாக இருந்தால் புதுப் புனைபெயருக்குத் தாவாதீர்கள், நடை தெரிந்த வாசகர் இரண்டு பதிவிலேயே பிடித்துவிடுவார், இரண்டாவது முறை பத்திரிகைக்குத் தயக்கமும் இருக்காது. பழைய பெயரிலேயே எழுதுங்கள். உங்களிடம் பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுத் தகவல் கொடுத்தவர்களை மட்டும் இனி வேறு எண்ணில் பேசச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் நீங்கள் யார் என்று தெரிந்த பிறகு அடுத்து எல்லோரும் தேடப்போவது அவர்களைத்தான்.